கூதிர்காலமும் மழலையர் கல்வியும்

கூதிர்காலம் என்பது பழந்தமிழர் வகுத்த ஆறு பெரும்பொழுதுகளுள் ஒன்று. ஐப்பசியும் கார்த்திகையும் இதற்குரிய மாதங்கள். ஆங்கிலத்தில் 'ஆட்டம்' என்றும் ஜெர்மன் மொழியில் 'ஹெர்ப்ஸ்ட்' என்றும் வழங்கும் பருவம் ஏறத்தாழ இதே சமயத்தில்தான் வருகிறது. நம் பாடநூல்களில் அதற்கு 'இலையுதிர்காலம்' என்று பெயர்.

காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூர்ப் பகுதியில் மழலையர் வகுப்பில் சேரும் குழந்தை, சிவந்த இலைகள் உதிரும் படத்தைக் காட்டி இந்தச் சொல்லைக் கற்கிறது. சன்னலுக்கு வெளியே வடகிழக்குப் பருவமழை பெய்துகொண்டிருக்கும். வேம்பும் அரசும் பச்சைப் பசேலென நிற்கும். அவை இலை உதிர்ப்பது மாசி, பங்குனியில். படம் ஒன்றைச் சொல்ல, சன்னல் வேறொன்றைச் சொல்கிறது. மூன்று வயதுக் குழந்தை படத்தையே மனப்பாடம் செய்கிறது, மதிப்பெண்ணும் அதற்குத்தான்.

ஜெர்மனியில்

பிரீட்ரிக் புரோபெல் 1837இல் பாட் பிளாங்கன்பர்க் என்ற ஊரில் சிறுவர்களுக்கான நிலையம் ஒன்றைத் தொடங்கினார். 1840இல் அதற்குக் 'கிண்டர்கார்டன்' எனப் பெயரிட்டார். 'குழந்தைகளின் தோட்டம்' என்பது பொருள். பெயருக்கேற்ப அங்கே குழந்தைகள் செடி வளர்த்தார்கள், மண்ணைத் தொட்டார்கள்.

இன்றும் ஜெர்மன் மழலையர் பள்ளிகளில் இலையுதிர்காலம் வகுப்புக்கு வெளியேதான் தொடங்குகிறது. குழந்தைகள் பூங்காவில் இலைகளைப் பொறுக்கிவந்து புத்தகத்துக்குள் வைத்து அழுத்துகிறார்கள். 'கஸ்டானியே' எனப்படும் பளபளப்பான பழுப்புக் கொட்டைகளில் குச்சி செருகிப் பொம்மை செய்கிறார்கள். அக்டோபர் தொடக்கத்தில் அறுவடைக்கு நன்றி சொல்லும் விழா வரும். நவம்பர் 11, புனித மார்ட்டின் நாள். தாங்களே செய்த காகித விளக்குகளை ஏந்தி, பாடிக்கொண்டு இருட்டில் ஊர்வலம் போவார்கள். பல ஊர்களில் ஊர்வல முடிவில் பெரிய நெருப்பு மூட்டுவதுண்டு.

இருமொழி மழலையர் பள்ளிகள் பலவற்றில் ஓர் ஆசிரியர் ஜெர்மனில் மட்டும் பேசுவார், மற்றொருவர் இரண்டாம் மொழியில் மட்டும் பேசுவார். கொட்டை கையில் இருக்கும்போதே அதன் பெயர் இரு மொழிகளிலும் காதில் விழுகிறது. 'ஹெர்ப்ஸ்ட்' என்ற சொல்லும் அறுவடையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லான 'ஹார்வெஸ்ட்' என்பதும் ஒரே வேரிலிருந்து வந்தவை. கண்ணெதிரே நடப்பதையே அவர்கள் பருவத்துக்குப் பெயராக வைத்தார்கள். (நம் குழந்தைக்கோ 'ஆட்டம்' என்றால் விளையாட்டு. அதுவும் நல்ல பொருள்தான்.)

உத்திரமேரூரில்

இங்கே ஐப்பசியில் அறுவடை இல்லை. சம்பா நெல் அப்போது வயலில் பச்சையாக நிற்கும். அறுவடைக் கொண்டாட்டம் தைப் பொங்கலில்தான். எனவே ஜெர்மன் விழாவை அப்படியே எடுத்து நட முடியாது. எடுத்துக்கொள்ளத்தக்கது அவர்களின் முறை.

கூதிர்காலத்தில் இங்கே பார்க்க வேண்டியது ஏரி. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) குடவோலை முறைக்காகப் பேசப்படுகின்றன. அம்முறையில் தேர்ந்தெடுக்கப்பட்ட வாரியங்களுள் ஏரி வாரியமும் ஒன்று என்பதைப் பலர் கவனிப்பதில்லை. மழை வலுத்து ஏரி 'கோடி போனால்' ஊரே வேடிக்கை பார்க்கப் போகும். ஈசல் பறக்கும், தட்டான்கள் தாழப் பறக்கும், தவளை கத்தும். அருகிலுள்ள வேடந்தாங்கலுக்கு நாரைகளும் கரண்டிவாயன்களும் வரத் தொடங்கும். சின்னஞ்சிறு குழந்தைக்கு இதைவிடப் பெரிய பாடநூல் தேவையில்லை. கரையில் பெரியவர் கை மட்டும் தேவை. தமிழ்நாட்டு அங்கன்வாடிகளின் 'ஆடிப் பாடி விளையாடு பாப்பா' பாடத்திட்டம் கருப்பொருள்களைச் சுற்றி அமைந்தது. பருவத்தைப் பற்றிப் பேச அதில் இடமுண்டு.

மாவளி

விளக்கு ஊர்வலத்துக்கு இணையானது கார்த்திகைத் தீபத்தன்று சுற்றும் மாவளி. சில ஊர்களில் இதை மாவலி என்பர். மாவலி மன்னனோடு சேர்த்துச் சொல்லும் கதையும் உண்டு. ஆண் பனையின் காய்ந்த பூக்காம்புகளைக் குழியிலிட்டுக் கொளுத்தி, காற்றுப் புகாமல் மூடிக் கரியாக்குவார்கள். அந்தக் கரியை நுணுக்கித் துணியில் இறுகச் சுருட்டுவார்கள். பிளந்த பனைமட்டைக்கு நடுவே அதை வைத்துக் கட்டி, கயிறு பிணைத்து, நுனியில் கங்கு வைத்துத் தலைக்கு மேல் சுழற்றினால் பொன்னிறப் பொறிகள் வட்டமாகச் சிதறும். மருந்து இல்லை, வெடிச்சத்தம் இல்லை. ஜெர்மன் ஊர்வலத்தின் முடிவில் மூட்டும் நெருப்பைப் போல, இங்கும் கோயில் முன் சொக்கப்பனை எரியும்.

மழலையர் மாவளி சுற்றக் கூடாது. அது பெரிய பிள்ளைகளின் வேலை. ஜெர்மனியிலும் சிறுவர்களின் காகித விளக்கில் மெழுகுவர்த்திக்குப் பதிலாகச் சிறு மின்விளக்கு வைப்பது இப்போது பரவலாகிவிட்டது. பூக்காம்பு பொறுக்குவது, கரி இடிப்பதைப் பார்ப்பது, களிமண்ணில் அகல் பிடிப்பது, வாசலில் அதை வைப்பது ஆகியவை சின்னவர்களுக்குப் போதும். பூக்காம்பு, மட்டை, கரி, பொறி, அகல் என்று சொற்களும் வந்து சேர்ந்துவிடும். அவற்றின் ஆங்கிலச் சொற்களையும் அப்போதே சொல்லிக் கொடுக்கலாம்.

இதற்கெல்லாம் ஊரில் பனை இருக்க வேண்டும். செங்கல் சூளைக்கும் மனைப் பிரிவுக்கும் பனைகள் ஏராளமாகச் சாய்ந்தன. பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி கட்டாயம் எனத் தமிழ்நாடு அரசு 2021இல் அறிவித்தது. பல ஊர்களில் ஏரிக்கரைப் பனைகள் இன்னும் நிற்கின்றன.