துப்பாக்கி உரிமைச் சங்கங்கள்: சேர்வதால் என்ன பயன்?

சட்டப்படி உரிமம் பெற்றுத் துப்பாக்கி வைத்திருப்போரும், உரிமம் பெற விரும்புவோரும் தங்கள் நலனுக்காக ஒன்றுகூடி அமைக்கும் அமைப்பே துப்பாக்கி உரிமைச் சங்கம் ஆகும். அமெரிக்காவில் 1871இல் தொடங்கப்பட்ட தேசியத் துப்பாக்கிச் சங்கம் உலகறிந்த ஒன்று. இந்தியாவில் இத்தகைய சங்கங்கள் மிகச் சில. அவை எதற்காகத் தோன்றின, சட்டம் என்ன சொல்கிறது, ஒரு சாதாரண விவசாயிக்கு அவற்றால் பயன் உண்டா என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

ஆயுதம் பறிக்கப்பட்ட வரலாறு

ஒரு காலத்தில் நெல்லைச் சீமையில் ஆயுதம் வைத்திருப்பது வியப்புக்குரிய செய்தியன்று. பாளையக்காரர்களின் ஆட்சியில் ஊர்க்காவல் செய்தவர்களிடம் வேலும் ஈட்டியும் வாளும் துப்பாக்கியும் இருந்தன. 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் வீரபாண்டிய கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். 1801இல் பாஞ்சாலங்குறிச்சி மீண்டும் எழுந்து வீழ்ந்தது. அதே ஆண்டு டிசம்பரில் சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் வெளியிட்ட பிரகடனம் பாளையங்களில் மக்கள் ஆயுதம் வைத்திருப்பதைத் தடை செய்தது. கோட்டைகளும் இடிக்கப்பட்டன.

1878இல் வைசிராய் லிட்டன் காலத்தில் இந்திய ஆயுதச் சட்டம் வந்தது. இந்தியர்கள் உரிமம் இல்லாமல் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது. ஐரோப்பியர்களுக்கோ விலக்கு உண்டு. இந்தப் பாகுபாடுதான் படித்த இந்தியர்களைப் புண்படுத்தியது. 1887இல் சென்னையில் கூடிய காங்கிரசின் மூன்றாவது மாநாடு இச்சட்டத்தைத் திருத்தக் கோரித் தீர்மானம் நிறைவேற்றியது. அங்கு விபின் சந்திர பால் இச்சட்டத்தை எதிர்த்துப் பேசினார். 1931 கராச்சி காங்கிரசின் அடிப்படை உரிமைகள் பட்டியலில், விதிமுறைகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமையும் இடம்பெற்றது.

அரசியலமைப்பில் ஏன் இல்லை?

விடுதலைக்குப் பின் நிலை மாறியது. 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில், ஆயுதம் வைத்திருக்கும் உரிமையைச் சேர்க்க வேண்டும் என்று எச்.வி. காமத் திருத்தம் கொண்டுவந்தார். டாக்டர் அம்பேத்கர் அதை ஏற்கவில்லை. எல்லோருக்கும் உரிமை என்று எழுதிவிட்டால், குற்றத்தைத் தொழிலாகக் கொண்டவர்களும் அதையே கேட்பார்கள் என்பது அவர் வாதத்தின் சாரம். திருத்தம் தோற்றது.

மாணவர்கள் கவனிக்க வேண்டிய ஓர் இடம் உண்டு. நமது அரசியலமைப்பின் 19ஆவது பிரிவு, "அமைதியாகவும் ஆயுதமின்றியும்" கூடும் உரிமையைத் தருகிறது. அதே பிரிவு சங்கம் அமைக்கும் உரிமையையும் தருகிறது. ஆகவே இந்தியாவில் துப்பாக்கி வைத்திருப்பது அடிப்படை உரிமை அன்று. துப்பாக்கி வைத்திருப்போர் சங்கமாகச் சேர்வது அடிப்படை உரிமை. அமெரிக்காவில் 1791இல் வந்த இரண்டாவது திருத்தம் ஆயுத உரிமையை அரசியலமைப்பிலேயே வைத்திருக்கிறது. இரு நாட்டுச் சங்கங்களின் பணிகளும் வேறுபடுவதற்கு இதுவே காரணம். அங்கே சங்கம் உரிமையைக் காக்கிறது. இங்கே உரிமம் வழங்கும் முறை நேர்மையாக நடக்க வேண்டும் என்று கேட்கிறது.

இன்றைய சட்டம்

இப்போது நடைமுறையில் இருப்பது 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும் 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளும் ஆகும். அவற்றின் முக்கியக் கூறுகள்:

- 21 வயது நிறைந்தவரே உரிமம் பெறலாம்.
- காவல்துறை அறிக்கை பெற்ற பின்னரே உரிம அதிகாரி முடிவெடுப்பார். மாவட்டங்களில் பெரும்பாலும் ஆட்சியரே உரிம அதிகாரி.
- பாதுகாப்பாகக் கையாளப் பயிற்சி பெற்ற சான்று வேண்டும்.
- 13ஆவது பிரிவு, உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்காகக் குழல் வாய்வழியே மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு உரிமம் வழங்குவதைத் தனியாகக் குறிப்பிடுகிறது.
- உரிமம் மறுத்தால் அதிகாரி காரணத்தை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும். கேட்டால், பொதுநலனுக்குப் பாதகம் இல்லாதவரை, அதைச் சுருக்கமாகத் தர வேண்டும் என்கிறது 14ஆவது பிரிவு.
- 18ஆவது பிரிவின்படி குறித்த காலத்துக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

ஒரு விவசாயியின் கதை

சாத்தான்குளம் பக்கம் தேரிக்காடும் பனையும் முருங்கையும்தான் கண்ணுக்குத் தெரியும். வடக்கே தாமிரபரணிக் கரையில் வாழை. மேற்கே களக்காடு, கடையம் மலையடிவாரங்களில் காட்டுப்பன்றியும் யானையும் வாழையை அழிக்கின்றன. விளாத்திகுளம், கோவில்பட்டி வட்டாரங்களில் மக்காச்சோளம் பன்றிகளுக்கு இரையாகிறது.

என்னிடம் படித்த மாணவர் ஒருவர் மலையடிவாரத்தில் வாழை பயிரிடுகிறார். இரண்டு ஆண்டு அடுத்தடுத்து பன்றிகளால் நட்டப்பட்டு, உரிமத்துக்கு மனுப் போட்டார். மறுத்துவிட்டார்கள். என்ன காரணம் என்று கேட்டேன். "காரணம் ஒண்ணும் சொல்லல சார், கிடையாதுன்னுட்டாங்க" என்றார். காரணம் கேட்கலாம் என்பது அவருக்குத் தெரியாது. முப்பது ஆண்டுக்கு மேல் பாடம் நடத்திய எனக்கும் அன்று தெரியாது. நான் சட்டத்தைத் தேடிப் படித்து முடிப்பதற்குள் மேல்முறையீட்டுக் காலம் கடந்துவிட்டது. விவரம் தெரிந்த நாலு பேர் உள்ள ஒரு சங்கம் அவருக்குக் கிடைத்திருந்தால், அந்த ஒரு மாதம் வீணாகியிராது.

அவருக்கு உரிமம் கிடைத்திருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. தக்க காரணம் இருந்து மறுத்திருக்கலாம். அந்தக் காரணத்தை அறியும் வழியாவது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

சங்கம் செய்யக்கூடியவை

முதலாவது, சட்ட அறிவு. மனு எழுதுவது, புதுப்பிப்பது, மேல்முறையீடு ஆகியவற்றில் வழிகாட்டுவது. உரிமம் இருந்தாலும் காட்டுப்பன்றியைச் சுட முடியாது, 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி தனி அனுமதி வேண்டும் என்பதை உறுப்பினருக்குச் சொல்லித் தருவதும் இதில் அடங்கும். இதை அறியாமல் சிறை செல்வோர் உண்டு.

இரண்டாவது, சட்டம் மாறும்போது குரல் கொடுப்பது. மும்பைத் தாக்குதலுக்குப் பிந்தைய ஆண்டுகளில் உரிம விதிகளை இறுக்கும் முயற்சி நடந்தபோது, நேஷனல் அசோசியேஷன் ஃபார் கன் ரைட்ஸ் இந்தியா என்ற அமைப்பு அதை எதிர்த்துப் பேசியது. 2019இல் ஆயுதச் சட்டத் திருத்த மசோதா, ஒருவர் மூன்று துப்பாக்கி வைத்திருக்கலாம் என்பதை ஒன்றாகக் குறைக்க முன்வந்தது. எதிர்ப்புகள் எழுந்தன. நிறைவேறிய சட்டத்தில் எண்ணிக்கை இரண்டு ஆயிற்று. உரிமக் காலமும் மூன்று ஆண்டிலிருந்து ஐந்து ஆண்டாக உயர்ந்தது.

மூன்றாவது, தேர்தல் காலப் பிரச்சினை. தேர்தல் அறிவித்ததும் உரிமத் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள். ஆனால் மாவட்ட ஆய்வுக் குழு ஒவ்வொருவரின் பின்னணியையும் பார்த்து முடிவு செய்ய வேண்டும் என்பதே தேர்தல் ஆணையத்தின் வழிகாட்டுதல். விளைச்சல் நேரத்தில் விலக்கு கேட்டு ஒருவர் தனியாக எழுதும் மனுவைவிட, ஐம்பது பேர் கையெழுத்திட்ட மனுவுக்கு எடை அதிகம்.

நான்காவது, பாதுகாப்புப் பழக்கம். துப்பாக்கியைத் தோட்டா இல்லாமல் பூட்டி வைப்பது, குழந்தைகள் கையில் படாமல் காப்பது, திருமண ஊர்வலத்தில் வானை நோக்கிச் சுடாமல் இருப்பது. கொண்டாட்டத்துக்காகச் சுடுவது 2019 திருத்தத்தின்படி இரண்டு ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம்.

அண்டை மாநிலங்களின் அனுபவம்

கர்நாடகத்தின் குடகில் குடவர்களுக்கும் ஜம்மா நிலம் உடையவர்களுக்கும் உரிமத்திலிருந்து ஆங்கிலேயர் காலம் முதல் விலக்கு உண்டு. 2019இல் மத்திய அரசு அதை 2029 வரை நீட்டித்தது. 2021இல் கர்நாடக உயர் நீதிமன்றமும் அதை ஏற்றது. ஒரு சமூகம் அமைப்பாக நின்று தன் மரபை விடாமல் எடுத்துரைத்ததற்கு இது ஓர் எடுத்துக்காட்டு. கேரளத்தில் 2022 முதல் உள்ளாட்சித் தலைவர்கள் காட்டுப்பன்றியைச் சுட உத்தரவிடலாம். உரிமம் உள்ள உள்ளூர்க்காரர்களைக் கொண்டு அது நடக்கிறது. தமிழகத்தில் 2025 ஜனவரியில் அறிவித்த முறைப்படி, காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளை வனத்துறையினரே சுட வேண்டும்.

எதிர்வாதமும் எச்சரிக்கையும்

துப்பாக்கி பெருகினால் கோபத்தில் நடக்கும் கொலையும் தற்கொலையும் விபத்தும் பெருகும் என்பார்கள். அதைத் தள்ளிவிட முடியாது. அம்பேத்கர் எழுப்பிய கேள்வி இன்றும் உயிரோடு இருக்கிறது. பெருமைக்காகத் துப்பாக்கி தேடுவோரும் உண்டு. சாதிப் பகை புகையும் நம் மாவட்டங்களில் இதில் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். எனவே சங்கத்தில் சேருமுன் பார்க்க வேண்டியவை: அது முறைப்படி பதிவு பெற்றதா? ஆண்டுதோறும் கணக்குக் காட்டுகிறதா? எல்லாச் சாதியினரும் மதத்தினரும் உறுப்பினரா? பயிற்சி தருகிறதா? உரிமம் வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்கிறதா? கடைசிக் கேள்விக்கு ஆம் என்றால் திரும்பி வந்துவிட வேண்டும்.

முடிவுரை

2020 ஜூனில் எங்கள் ஊரைச் சேர்ந்த தந்தையும் மகனும் காவலில் இறந்தபோது, மாநிலம் முழுவதும் வணிகர்கள் கடையடைத்தார்கள். உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. அன்று கேட்டவை நீதியும் சட்டமும்தான். அவற்றைக் கேட்ட குரலில் சங்கமாக நின்றவர்களின் குரலும் இருந்தது. துப்பாக்கி உரிமைச் சங்கத்தின் மதிப்பையும் இந்த அளவுகோலால்தான் அளக்க வேண்டும். உறுப்பினர் கையில் எத்தனை துப்பாக்கி வந்தது என்பது கணக்கில்லை. எத்தனை பேர் தங்கள் மனுவுக்கு எழுத்தில் பதில் பெற்றார்கள், எத்தனை பேர் பாதுகாப்பாகக் கையாளக் கற்றார்கள் என்பதே கணக்கு.