வேலிக்கு அப்பால் ஒரு கிணறு

"வீட்டைக் கட்டிப் பார், கலியாணத்தைச் செய்து பார்" என்று சொல்லிவைத்த நம் முன்னோர், பழைய வீட்டிலே ஒரு குளியலறையைத் திருத்திப் பார் என்று ஏனோ சொல்லாது விட்டனர். கிணற்றடியிலேயே நீராடி முடித்த அவர்களுக்கு அந்தத் தொல்லை இருக்கவில்லை போலும்.

யாழ்ப்பாணத்து வீடுகளிலே குளியலறை பிந்தி வந்த விருந்தாளி. துலாவும் தொட்டியும் அரசோச்சிய வளவுகளில், நீரிறைக்கும் இயந்திரம் வந்த பின்னரே அது மெல்ல வீட்டுக்குள் நுழைந்தது. எங்கள் வீட்டிலும் பின்விறாந்தையின் ஒரு மூலையை மறித்து எழுப்பியதே அவ்வறை. வாசலில் உயர்ந்த படி. உள்ளே வழுவழுத்த சீமெந்துத் தரை. சென்ற மாரியில், எண்பது வயதைக் கடந்த என் தாயார் அங்கே வழுக்கி விழுந்தார். எலும்பு முறியவில்லை. ஆயினும், நீராடச் செல்லும் ஒவ்வொரு நாளும் அவர் முகத்தில் அச்சம் படர்வதைக் கண்டேன். அறையைத் திருத்துவதென்று முடிவு செய்தேன்.

மேசன் ஒருவரை அழைத்தேன். சுவருக்கு எந்நிறத்து மாபிள் பொருந்தும் என்று நான் கேட்க, அவரோ மலக்குழி எங்கே என்று கேட்டார். மூடியைத் தூக்கியபோது எங்கள் அறியாமை வெளிப்பட்டது. அடித்தளமற்ற வெறுங்குழி, கிணற்றிலிருந்து முப்பதடிகூட இல்லை!

ஆழ்ந்த மண்ணுள்ள நிலத்தில், ஊறிச் செல்லும் கழிவுநீரை மண்ணே ஓரளவு வடிகட்டும். நம் குடாநாட்டின் அடியிலோ சுண்ணாம்புக்கல். மேலே மெல்லிய மண்போர்வை, கீழே வெடிப்புகளும் பொந்துகளும். வற்றாத ஆறு நமக்கில்லை. பெய்யும் மழையே அக்கல்லிடையே தங்கி, உவர்நீரின் மீது மிதக்கும் நன்னீராய் நின்று, நம் கிணறுகளை ஊட்டுகிறது. குழிநீரும் அவ்வெடிப்புகளின் வழியே சென்று அதனோடு கலக்கிறது.

குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. மிகுந்தால், கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றல் குன்றும். கொதிக்க வைத்தாற் கிருமி சாகும், நைத்திரேற்று சாகாது. நீர் ஆவியாகக் குறையுந்தோறும் அதன் செறிவு கூடவே செய்யும். தோட்டங்களுக்கு இடும் உரத்தைக் குறைகூறும் நாம், நம் வளவுக் குழியை மறந்துவிடுகிறோம்.

ஆகவே, அடியும் சுவரும் சீமெந்தால் இறுகிய இரண்டறைத் தொட்டி ஒன்று. அதிலிருந்து வழியும் நீருக்கு ஓர் ஊறற்குழி என்று திட்டம் வகுத்தோம். கிணற்றுக்கும் ஊறற்குழிக்கும் இடையே 50 அடியேனும் வேண்டும் என்பர். இந்நிலத்திலே தூரம் கூடுவது இன்னும் நன்று. நாடாவைப் பிடித்து, கீழ்வேலியோரம் 55 அடியில் இடங்குறித்தோம். விறாந்தையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த தாயார் கேட்டார்:

"தம்பி, எங்கடை கிணத்தை அளந்தாய். வேலிக்கு அங்காலை இருக்கிற கிணத்தை ஆர் அளக்கிறது?"

நாடாவை வேலிக்கு மேலாக நீட்டினோம். அயலவர் கிணறு 20 அடியில் இருந்தது. அங்கே கொடியிற் குழந்தைத் துணிகள் காய்ந்துகொண்டிருந்தன. நான் ஒன்றும் பேசவில்லை.

முற்றத்து மல்லிகைப் பந்தலைப் பிரித்து, எதிர்வீட்டுக் கிணற்றையும் அளந்தறிந்து, எல்லாக் கிணறுகளுக்கும் 70 அடிக்கு அப்பால் ஊறற்குழியை வெட்டினோம். குழாய் நீண்டது, செலவும் நீண்டது. சுவருக்கென ஒதுக்கிய பணம் நிலத்தடியிற் புதைந்தது. பழைய குழியைத் துப்புரவாக்கி மூடுவித்தோம்.

அறையினுள்ளே வாசற்படியை அகற்றினோம். நாலடிக்கு ஓரங்குலம் வாட்டம் வைத்துத் தரையிட்டு, வடிகாலை அடைத்து ஒருநாள் முழுதும் நீரை நிறுத்தி, கசிவில்லையென்று கண்ட பின்னரே சொரசொரப்பான மாபிள் பதித்தோம். உள்ளே ஒருவர் விழுந்தாலும் திறக்கக்கூடியதாக, கதவு வெளிப்புறமாகத் திறக்கிறது. சுவரில் உறுதியான கைபிடிக் கம்பி ஒன்றும் உண்டு.

பார்க்க வருவோர், "இவ்வளவு செலவழித்தும் சுவர் வெறுஞ் சுண்ணாம்பாய் நிற்கிறதே!" என்கின்றனர். செலவு எங்கே போனதென்று காட்ட, எனக்கு முற்றத்து மண்ணைத் தவிர வேறொன்றுமில்லை. தாயார் கம்பியைப் பற்றியபடி துணையின்றி நீராடி வருகிறார். வேலிக்கு அப்பால் வாளி கிணற்றில் விழும் ஓசை கேட்கிறது. இப்போது அதனைக் கூச்சமின்றிக் கேட்கிறேன்.