செல்போன் அலறினால் பதறாதீங்க!

அடுப்பில் குழம்பு கொதிக்கிறது. தாத்தா ஈஸிசேரில் கண்ணயர்ந்திருக்கிறார். திடீரென்று வீட்டிலுள்ள செல்போன்கள் எல்லாம் ஒரே நேரத்தில் அலறினால்? தூக்கிவாரிப் போடும்தானே! 2023 அக்டோபர் 20-ம் தேதி தமிழ்நாட்டில் பல வீடுகளில் இதுதான் நடந்தது. தொலைத்தொடர்புத் துறை நடத்திய சோதனை அது.

'நம்ம நம்பர் இவங்களுக்கு எப்படித் தெரியும்?' என்கிறீர்களா? தெரியவே தெரியாது! எஸ்.எம்.எஸ். என்பது ஒவ்வொரு நம்பருக்கும் தனித்தனியாகப் போகிற தபால் மாதிரி. இதுவோ திருவிழா மைக்செட் மாதிரி. யார் கேட்கிறார்கள் என்று அதற்குத் தெரியாது; ஆனால், எல்லோர் காதிலும் விழும். ஆபத்துள்ள பகுதியின் டவர்கள் ஒரே செய்தியை ஒலிபரப்ப, அங்கிருக்கும் போன்கள் நொடிகளில் அதை வாங்கிக்கொள்ளும். லைன் நெரிசலும் தடுக்காது. அணைத்து வைத்த போனுக்கும், இந்த வசதியில்லாத பழைய போனுக்கும் வராது.

2004 டிசம்பர் 26. சுமத்ரா அருகே கடலடி குலுங்கி, நம் கரையை அலை தொட ஏறக்குறைய 2 மணி நேரம் இருந்தது. எச்சரிக்கத்தான் வழியில்லை. அதற்காகத்தான் இந்தச் சத்தம்!

ஆகவே, செட்டிங்கில் இதை அணைத்துவிடாதீர்கள். வயதானவர்கள், இதய நோயாளிகளிடம் 'இப்படியொரு சத்தம் வரலாம், பயப்படாதீங்க' என்று முன்பே சொல்லி வையுங்கள். வண்டி ஓட்டும்போது வந்தால், ஓரங்கட்டி நிறுத்திவிட்டுப் படியுங்கள். 'சோதனை' என்றிருந்தால் விட்டுவிடலாம். நிஜம் என்றால்... குழம்பு கிடக்கட்டும். அடுப்பை அணையுங்கள். தாத்தாவின் மாத்திரை டப்பாவை எடுத்துக்கொண்டு, அதில் சொன்னபடி கிளம்புங்கள்!