பெரிய கண்ணாடியைப் பார்க்காமலே போன வைணு பாப்பு!

அம்பத்தூர், ஆவடியைத் தாண்டி ஜோலார்பேட்டை பக்கம் போகும் ரயிலில் வாணியம்பாடியில் இறங்கினால், அங்கிருந்து மலைப்பாதை. ஜவ்வாது மலையில் இருக்கும் காவலூரில், 234 செ.மீ. குறுக்களவுள்ள கண்ணாடியோடு நிற்கிறது ஒரு தொலைநோக்கி. அதன் பெயர் வைணு பாப்பு. யார் அவர்?

1927 ஆகஸ்ட் 10-ல் சென்னையில் பிறந்தவர். அப்பாவுக்கு ஹைதராபாத் நிஜாமியா வானாய்வகத்தில் வேலை என்பதால், பாப்புவுக்குத் தொலைநோக்கி வீட்டுச் சாமான் மாதிரி. ஹார்வர்டுக்குப் படிக்கப் போன இடத்தில், 1949-ல் ஒரு புதிய வால்நட்சத்திரத்தையே கண்டுபிடித்துவிட்டார். பிறகு ஓலின் வில்சனுடன் சேர்ந்து செய்த ஆய்வு, உலகம் முழுக்கப் பேர் வாங்கித் தந்தது. நட்சத்திர ஒளியைப் பிரித்தால் தெரியும் கால்சியம் கோட்டின் அகலத்தை வைத்தே, அதன் உண்மையான பிரகாசத்தைக் கணக்கிடலாம். பிரகாசம் தெரிந்தால் தூரமும் தெரிந்துவிடும். இதுதான் 'வில்சன்-பாப்பு விளைவு'.

அங்கேயே செட்டில் ஆகியிருக்கலாம். ஆனால் ஊர் திரும்பினார். 1960-ல் கொடைக்கானல் ஆய்வகத்தின் பொறுப்பு வந்தது. சூரியனைப் பார்க்க அருமையான இடம், இரவில்தான் மேகத் தொல்லை. நல்ல இருட்டு வானம் தேடி அவர் பிடித்த ஊர் காவலூர். கொடைக்கானல் பட்டறையிலேயே செய்த 38 செ.மீ. தொலைநோக்கி 1968-ல் அங்கே வேலையைத் தொடங்கியது. 1972-ல் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. யுரேனஸின் வளையங்கள் 1977-ல் தெரியவந்தபோது, அதைப் பதிவு செய்த இடங்களில் காவலூரும் ஒன்று.

பாப்புவின் ஆசை அதோடு நிற்கவில்லை. பெரிய தொலைநோக்கியை நாமே செய்ய வேண்டும் என்றார். கண்ணாடிக் கட்டி மட்டும் வெளிநாட்டிலிருந்து வந்தது. அதைத் தேய்த்து மெருகேற்றியது பெங்களூரில். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பிடிப்பவர்களுக்கு மைக்ரான் கணக்கு அத்துப்படி. இங்கே அதுவும் போதாது. ஒளி அலையின் நீளத்தில் சிறு பங்குகூடப் பிசகக் கூடாது. வருடக்கணக்கில் இழுத்த வேலை.

அதற்குள் 1982 ஆகஸ்ட் 19-ல் மியூனிக் நகரில் பாப்பு காலமானார். வயது 55. சர்வதேச வானியல் ஒன்றியத்தின் தலைவராக அமர்ந்த முதல் இந்தியர், அந்தப் பதவியில் இருக்கும்போதே போய்விட்டார். தொலைநோக்கியை 1986 ஜனவரி 6-ல் பிரதமர் ராஜீவ் காந்தி திறந்துவைத்தார்.

அவர் வளர்த்த இந்திய வான் இயற்பியல் நிறுவனம்தான், ஆதித்யா எல்-1 விண்கலத்தில் சூரியனின் ஒளிவட்டத்தைப் பார்க்கும் முக்கியக் கருவியைச் செய்தது. இயற்பியல் முதுகலை முடித்து, ஜெஸ்ட் தேர்வு எழுதி அங்கே ஆராய்ச்சிக்குச் சேரலாம். கருவி செய்ய மெக்கானிக்கல், எலெக்ட்ரானிக்ஸ் ஆட்களும் தேவை.

காவலூரில் பொதுமக்களுக்குச் சனிக்கிழமை அனுமதி உண்டு. கிளம்பும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் வானம் கைகொடுக்காது.