பசித்தவர்கள் கட்டிய கடை

நியூயார்க்கில் மன்ஹாட்டனின் லோயர் ஈஸ்ட் சைடு. ஹௌஸ்டன் தெருவும் லட்லோ தெருவும் சேரும் முனையில், மதிய வேளையில் நடைபாதை வரை வரிசை நிற்கும். வாசலில் ஆளுக்கொரு சீட்டு கொடுப்பார்கள். வாங்குவதையெல்லாம் அதில் குறித்துக்கொண்டு, போகும்போது கணக்குத் தீர்க்க வேண்டும். ஒன்றும் சாப்பிடாதவரும் வெற்றுச் சீட்டைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். தொலைத்தால் 50 டாலர் கூடுதல் கட்டணம். காட்ஸ் டெலிகடெசன் என்ற இந்தக் கடை தொடங்கிய ஆண்டு 1888.

டெலிகடெசன், சுருக்கமாக டெலி, என்றால் பதப்படுத்திய இறைச்சி, சாண்ட்விச், சூப், ஊறவைத்த வெள்ளரிக்காய் எல்லாம் ஒரே கூரையின் கீழ் கிடைக்கும் யூத உணவுக்கடை. ஐஸ்லாண்ட் சகோதரர்கள் தொடங்கிய இந்தக் கடையில் 1903இல் வில்லி காட்ஸ் கூட்டாளியானார். 1910இல் அவரும் அவருடைய உறவினர் பென்னியும் அதை முழுதாக வாங்கினார்கள். 1880களுக்கும் அமெரிக்கா கதவை இறுக்கிச் சாத்திய 1924க்கும் இடையே கிழக்கு ஐரோப்பாவிலிருந்து ஏறத்தாழ 20 லட்சம் யூதர்கள் அந்நாட்டுக்கு வந்தார்கள். அவர்களில் ஏராளமானோர் இந்தப் பகுதியின் நெருக்கடியான குடியிருப்புகளில் தங்கித் தையல் வேலை பார்த்தார்கள்.

டெலியின் சாப்பாட்டைப் பழைய நாட்டு ருசி என்று சொல்வது வழக்கம். பாதிதான் உண்மை. பழைய நாட்டில் அவர்களில் பெரும்பாலோருக்குக் கறி என்பது ஓய்வுநாளிலும் பண்டிகையிலும் தட்டில் விழும் பொருள். டெலியின் பெயர்பெற்ற பாஸ்ட்ராமிக்கு மூலம் துருக்கியரிடமிருந்து ருமேனியாவுக்குப் போன உப்புக்கறி. ருமேனிய யூதர்கள் அதை வாத்துக்கறியில் செய்தார்கள். அமெரிக்காவில் மாட்டிறைச்சி மலிவு. அதிலும் யாரும் சீந்தாத அடிவயிற்றுக் கறி மிக மலிவு. கைப்பக்குவம் பழையது, கறி புதியது. இரண்டு ரொட்டித் துண்டுக்கு நடுவே கொள்ளாமல் நிற்கும் அந்தக் கறிக் குவியலைப் பழைய நாட்டில் எந்த ஏழையும் கண்டதில்லை. பசித்தவர்கள் வயிறார உண்ணக் கிடைத்த நாட்டில் பிறந்த சாப்பாடு அது. டெலியின் ஈர்ப்புக்கு வேர் இந்தத் தாராளம்தான்.

ஆனால் அளவு மட்டும் ஒரு கடையைத் தலைமுறை தாண்டி நிறுத்தாது. காட்ஸில் கறியை உப்பும் மசாலாவும் கலந்து பதப்படுத்த 30 நாள் வரை ஆகிறது. ஆலைகள் உப்புநீரை ஊசியால் ஏற்றி ஒன்றரை நாளில் முடிக்கும் வேலை இது. பிறகு பாஸ்ட்ராமிக்கு மல்லி விதையும் மிளகும் கரகரவென்று பொடித்துத் தடவி, மெல்லிய சூட்டில் புகையூட்டி, வேகவைத்து, கடைசியாக ஆவியில் வைக்கிறார்கள். மேலே கரிய மிளகு ஓடு, உள்ளே சிவந்த கறி, இடையே உருகிய கொழுப்பு.

அதற்குப் பிறகு எல்லாம் கத்தியில் இருக்கிறது. கறி வெட்டுபவர் முள்கரண்டியால் கட்டியைத் தூக்கிப் பலகையில் வைத்து, மிகையான கொழுப்பைச் சீவிவிட்டு, நார் ஓடும் திசைக்குக் குறுக்கே வெட்டுகிறார். இயந்திரத்தில் கொடுத்தால் இவ்வளவு மிருதுவான கறி உதிர்ந்துவிடும். முதல் துண்டைச் சிறு தட்டில் வைத்து நம்மிடம் நீட்டுவார். தின்று பார்த்துத் தலையசைத்தபின் ரை ரொட்டியில் கடுகு விழுது தடவி அடுக்குகிறார். கொழுப்போடு வேண்டுமா, குறைவாகவா என்று அவரிடமே சொல்லலாம்.

பாலையும் இறைச்சியையும் சேர்க்கக் கூடாது என்பது யூதர்களின் கோஷர் விதி. காட்ஸ் அதைக் கண்டிப்பாகப் பின்பற்றும் கடை அல்ல. பாலாடைக்கட்டி வைத்த ரூபன் சாண்ட்விச்சும் அங்கே கிடைக்கும். நம்பிக்கையை மாற்றிக்கொள்ளாமலேயே எல்லோரும் வந்து உட்காரக்கூடிய இடமாக அது ஆனதற்கு இதுவும் ஒரு காரணம். இரண்டாம் உலகப் போரின்போது, ராணுவத்தில் இருக்கும் பிள்ளைக்குச் சலாமி அனுப்பச் சொல்லிக் கடை விளம்பரம் செய்தது. எளிதில் கெடாத அந்தக் கறி கடல் தாண்டிப் போனது. அந்த வாசகம் இன்றும் சுவரில் தொங்குகிறது. 1989இல் வந்த ‘வென் ஹாரி மெட் சாலி’ படத்தின் புகழ்பெற்ற காட்சி எடுக்கப்பட்ட மேசைக்கு மேலேயும் ஒரு பலகை உண்டு.

1930களில் நியூயார்க்கில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட யூத டெலிகள் இருந்தன. பிறகு குடியேறியவர்களின் பிள்ளைகள் புறநகருக்குப் போனார்கள். வாடகையும் கறி விலையும் ஏறின. ஸ்டேஜ் டெலி 2012இலும், கார்னெகி டெலி 2016இலும் மூடப்பட்டன. காட்ஸ் தப்பியது பக்தியால் மட்டுமல்ல. கட்டடம் சொந்தம், அதற்கு மேலே மாடி எழுப்பும் உரிமையைப் பக்கத்துக் கட்டுமான நிறுவனத்துக்கு விற்ற பணமும் கைகொடுத்தது. பாரம்பரியம் பிழைக்க வேண்டுமானால் கல்லாப்பெட்டியையும் யாராவது காவல் காக்க வேண்டும்.

சாண்ட்விச் இன்று 25 டாலரைத் தாண்டிவிட்டது. ஏழைகளுக்கென்று பிறந்த சாப்பாடு ஏழைக்கு எட்டாமல் போனது எனக்கு வருத்தமே. ஆனாலும் கத்தி பிடிக்கும் கைகளைப் பார்க்கும்போது நம்பிக்கை வருகிறது. அங்கே கறி வெட்டுபவர்களில் பலர் யூதர்கள் அல்லர்; வேறு நாடுகளிலிருந்து பிழைப்பு தேடி வந்த புதிய குடியேறிகள். ஒரு கூட்டம் உண்டாக்கிய தொழிலை இன்னொரு கூட்டம் கற்று, அவசரப்படாமல் அதே கவனத்தோடு செய்கிறது. இனத்தின் பெயரில் பிறந்த கடை அந்த ஊருக்கே சொந்தமாவது இப்படித்தான்.