எட்டத்திலிருந்து சுடுவது அறமாகுமா?

பெங்களூரிலிருந்து ஓசூர் வழியாகத் தேன்கனிக்கோட்டைக்கும் அஞ்செட்டிக்கும் செல்லும் சாலை, நம் சங்கத்து அன்பர்கள் பலருக்குச் சொந்த ஊர் செல்லும் வழியாகும். அவ்வட்டாரத்திலுள்ள ஜவளகிரி, சிவனிப்பள்ளி முதலிய சிற்றூர்களின் பெயர்களை ஆங்கிலம் பயிலும் உலகத்தார் அறியச் செய்தவர் ஒரு பெங்களூர்வாசியே. கென்னத் ஆண்டர்சன் என்னும் அப்பெரியார் 1910-இல் பிறந்து 1974-இல் மறைந்தார். பல தலைமுறைகளாக இந்தியாவில் வாழ்ந்த ஸ்காத்லாந்துக் குடும்பத்தினர். நம் நகரத்து விமானத் தொழிற்சாலையில் அலுவல் பார்த்தவர். கன்னடமும் தமிழும் பேசக்கூடியவர். 1954-இல் வெளிவந்த அவருடைய முதல் நூலிலேயே ஜவளகிரி ஆட்கொல்லிப் புலியின் வரலாறு இடம்பெற்றது. 1959-இல் வந்த நூலுக்குச் சிவனிப்பள்ளிக் கருஞ்சிறுத்தையே தலைப்பாக அமைந்தது. அக்காலத்தில் சேலம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த இவ்வூர்கள் இன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் உள்ளன.

அந்நூல்களை நம் இளைஞர்கள் இன்றும் விரும்பிப் படிக்கிறார்கள். படித்த கையோடு, ஆயிரம் கெஜத்துக்கு அப்பால் மலைச்சரிவில் மேயும் மானைப் படுத்தபடியே சுட்டு வீழ்த்தும் அமெரிக்கக் காட்சிகளையும் கைப்பேசியில் காண்கிறார்கள். இரண்டும் வேட்டைதானே, பின்னதில் அன்றோ திறமை மிகுதி என்று வினவுகிறார்கள். அந்நாட்டில் குடியேறிய பிள்ளைகளுக்கு உரிமச்சீட்டுப் பெற்று வேட்டையாடச் சட்டமும் இடந்தருகிறது. ஆதலின் இவ்வினாவைச் சற்று நின்று ஆராய்வது வீண்பொழுதாகாது.

முதலில் துப்பாக்கியைப் பார்ப்போம். ஆண்டர்சன் கையாண்டது வின்செஸ்டர் கம்பெனியாரின் 1895-ஆம் ஆண்டு மாதிரி; .405 என்னும் அளவினது. பருத்த, மொண்ணை முனையுள்ள குண்டை எறிவது. அருகில் இடியென இறங்கும். தொலைவு கூடக்கூட விரைவில் தாழ்ந்து போகும். அமெரிக்காவின் தலைவராயிருந்து ஓய்வு பெற்ற தியோடர் ரூஸ்வெல்ட் 1909-இல் ஆப்பிரிக்காவுக்குச் சிங்க வேட்டையாடச் சென்றபோது எடுத்துச் சென்றதும் இவ்வகைத் துப்பாக்கியே. இத்தகைய கருவியை ஏந்தியவன் விலங்கை நெருங்கியே தீரவேண்டும். ஆண்டர்சன் பரண்மீது இரவெல்லாம் அசையாது காத்திருந்தார். துப்பாக்கிக் குழாயில் பொருத்திய மின்விளக்கின் ஒளியில், சில கெஜ தூரத்தில் நின்ற விலங்கைச் சுட்டார். கன்றை இரையாகக் கட்டிவைத்து இருளில் ஒளி பாய்ச்சிச் சுடுவதில் நேர்மை என்ன இருக்கிறதென்று கேட்போரும் உளர். கேள்வி நியாயமானதே. கன்றின் சார்பில் எவரும் நூல் எழுதவில்லை.

ஆயினும் நெருங்கிச் சுடுவதற்குத் துப்பாக்கியின் குறைபாடு மட்டும் காரணமன்று. வடக்கே குமாவோன் மலைகளில் 436 பேரைக் கொன்றதாகக் கணக்கிடப்பட்ட சம்பாவத் பெண்புலியை ஜிம் கார்பெட் 1907-இல் கொன்றார். தம் தோட்டாக்கள் தீர்ந்துவிடவே, உடன் வந்த தாசில்தாரின் துப்பாக்கியை வாங்கிக்கொண்டு இருபதடித் தொலைவில் நின்று முடித்தார். இறந்த புலியின் வாயைத் திறந்து பார்த்தபோது, வலப்புறத்து மேற்கோரைப்பல் பாதியளவும் கீழ்க்கோரைப்பல் எலும்பு வரையிலும் முறிந்திருந்தன. என்றோ எவனோ சுட்ட குண்டு செய்த வேலை அது. தனக்கியல்பான இரையைக் கொல்ல இயலாமற் போனதே அப்புலி மனிதரை நாடியதற்குக் காரணம் என்று கார்பெட் தெளிந்தார்.

அந்தக் குண்டைச் சுட்டவன் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. குறி தப்பிவிட்டது என்று எண்ணி அவன் வீடு திரும்பி உண்டு உறங்கியிருக்கக்கூடும். அதன் விலையைக் கொடுத்தவர்களோ வேறு மனிதர்கள். மாட்டுக்குத் தழை ஒடிக்கவும் சுள்ளி பொறுக்கவும் காட்டோரம் சென்ற மலைப்பெண்கள் அவர்களுள் பலர். வேட்டையைப் பற்றிய அறவிவாதம் எதுவாயினும் இந்தப் பெண்களை விட்டுவிட்டு நடத்தப்படுமானால் அது வெறும் மேசைப்பேச்சே என்பது நம் கருத்து.

ஆகவேதான் பழைய வேட்டைக்காரர்களிடையே எழுதாச் சட்டம் ஒன்று இருந்தது. காயப்பட்ட விலங்கைச் சுட்டவனே தேடிச்சென்று முடிக்கவேண்டும். புதர் எவ்வளவு அடர்ந்திருப்பினும், அச்சம் எவ்வளவு மிகுந்திருப்பினும் அதைப் பிறர் தலையில் கட்டலாகாது. முப்பது அடித் தொலைவில் சுட்டவனுக்கு இக்கடமை இயலக்கூடியது. குண்டு பாய்ந்த ஓசை அவன் செவியில் விழும். விலங்கு துள்ளிய விதமும், உதிர்ந்த மயிரும், புல்லில் தெறித்த குருதியும் அவன் கண்ணில் படும். நுரைத்துச் சிவந்த குருதி நுரையீரலைச் சுட்டும். கருத்துக் கலங்கியது குடலைச் சுட்டும். எண்ணூறு கெஜத்துக்கு அப்பால், பள்ளத்தாக்கின் எதிர்க்கரையில் நிற்கும் விலங்கைச் சுட்டவனுக்கு இவற்றுள் எதுவும் கிட்டாது. அவன் எழுந்து, இறங்கி, மறுகரை ஏறிச் சேர்வதற்கு அரைமணியோ ஒருமணியோ ஆகும். சேர்ந்தபின், விலங்கு நின்ற பாறை இதுவா அதுவா என்ற மயக்கமே மிஞ்சும். சிறிது தேடிவிட்டு, குறி தப்பியது என்று முடிவு செய்வதே மனித இயல்புக்கு எளிது.

இனிக் கணக்கைச் சிறிது பார்ப்போம். மானின் இதயமும் நுரையீரலும் அடங்கிய பகுதி ஏறத்தாழ ஒரு சாண் அகலம். இக்காலத்து வேட்டைத் துப்பாக்கியின் குண்டு ஐந்நூறு கெஜத்தைக் கடக்க அரை வினாடிக்கு மேலாகிறது. ஆயிரம் கெஜமாயின் ஒன்றரை வினாடி அளவு. அதற்குள் மேயும் மான் ஓரடி எடுத்து வைத்துவிடும். நெஞ்சுக்கு வைத்த குறி வயிற்றில் பாயும். மணிக்குப் பத்து மைல் வேகத்தில் வீசும் குறுக்குக் காற்று, ஐந்நூறு கெஜத்துக்குள் குண்டை ஏறக்குறைய ஒரு முழம் ஒதுக்கிவிடும். இங்கே தணிந்திருக்கும் காற்று பள்ளத்தாக்கின் நடுவில் எவ்வாறு வீசுகிறதென்பதைத் தொலைநோக்கியும் தூரமானியும் முழுதும் காட்டிவிட முடியா.

எதிர்வாதத்தையும் மறைக்கலாகாது. அருகில் சென்றவனுக்குக் கை நடுங்கும். விலங்கோ மிரண்டு ஓடும். ஓடும் விலங்கைச் சுட்டே மிகுதியும் காயப்படுத்துகிறார்கள். தொலைவில் நிற்பவனோ அமைதியாகப் படுத்து, தாங்கியில் துப்பாக்கியை ஊன்றி, ஐயமற நிற்கும் விலங்கைச் சுடுகிறான். ஆதலின் எட்டத்துச் சுடுதலே இரக்கமுள்ளது என்பர். இதில் உண்மை உண்டு. பயிற்சியற்றவன் ஐம்பது கெஜத்தில் செய்யும் கேட்டைத் தேர்ந்தவன் முந்நூறு கெஜத்தில் செய்யாதிருக்கலாம். ஆனால் இவ்வாதம், தொலைவை ஒரு நெருக்கடியாக ஏற்றவனுக்குப் பொருந்துமேயன்றி, நெருங்க வழியிருந்தும் தொலைவையே விளையாட்டாக நாடிப் பின்னோக்கி நகர்பவனுக்குப் பொருந்தாது. ரூஸ்வெல்ட் 1887-இல் நிறுவிய பூன் அண்டு கிராக்கெட் சங்கத்தாரும் இதை இவ்வாறே பிரித்துக் காண்கின்றனர். இத்தனை கெஜம் என்று எல்லை வகுப்பதைவிட, சுடுபவன் உள்ளத்து நோக்கத்தையே அவர்கள் வினவுகின்றனர். மோப்பம், செவி, கண் ஆகிய மூன்றையும் பயன்படுத்தித் தப்பும் வாய்ப்பு விலங்குக்கு இருந்ததா என்பதே அவர்களுடைய உரைகல்.

நம் முன்னோர் நினைவில் நிறுத்தியதும் அண்மையைத்தான். தருமபுரி, கிருஷ்ணகிரி, கொங்குப் பகுதிகளில் புலிக்குத்திக் கற்களைக் காணலாம். கைக்கெட்டும் தூரத்தில் எழுந்து நிற்கும் புலியை வீரன் கத்தியாலோ ஈட்டியாலோ குத்துவதாகச் செதுக்கியிருப்பர். வல்வில் ஓரியைப் புறநானூற்றில் வன்பரணர் வியந்ததும் அம்பு சென்ற தொலைவுக்காக அன்று. யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஆகிய ஐந்தையும் ஒரே அம்பு ஊடுருவியதற்காக.

நீலகிரி வரையாட்டின் செய்தி தனியானது. செங்குத்துப் பாறைகளில் வாழும் அவ்விலங்கை நெருங்குதல் அரிது. எட்ட நின்று சுட்டால் அடிபட்டது பாதாளத்தில் உருண்டு எவருக்கும் பயனின்றிப் போகும். 1877-இல் நீலகிரியில் வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கம் ஏற்பட்டது. 1879-இல் சட்டமும் வந்தது. முதுகில் சேணம்போல் வெளுத்த திட்டுடைய முதிர்ந்த கடாவையன்றிப் பெட்டையையும் இளங்கடாவையும் சுடலாகாது என்பது வேட்டைக்காரர்க்கு விதியாயிற்று. மூடுபனியில் திட்டு தெரியும்வரை காத்திருக்கவேண்டுமென்றால், விசையில் வைத்த விரல் சற்றுத் தயங்கியே ஆகவேண்டும். 2024-இல் தமிழ்நாட்டு அரசு எடுத்த கணக்கில் 1,031 வரையாடுகள் காணப்பட்டன.

1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப்பின் நம் நாட்டில் பொழுதுபோக்கு வேட்டைக்கு இடமில்லை. மனித உயிருக்கு ஆபத்தான புலியையும், பிடிக்கவோ மயக்கவோ இயலாதென்று தலைமை வனவிலங்குக் காப்பாளர் தெளிந்தாலன்றிக் கொல்ல ஆணையிடல் ஆகாது. 2021-இல் கூடலூர், மசினகுடிப் பகுதியில் நால்வரைக் கொன்றதாகச் சொல்லப்பட்ட புலியைத் தேடியபோது இவ்விவகாரம் சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்றது. உயிரோடு பிடிக்கவே முயலவேண்டுமென அறிவுறுத்தப்பட்டது. மூன்று வாரத் தேடலுக்குப்பின் அக்டோபர் 15-ஆம் நாள் மயக்க ஊசி செலுத்திப் பிடித்து மைசூருக்குக் கொண்டு சென்றனர். மயக்க ஊசி துப்பாக்கிக் குண்டைப்போல் தொலைவு செல்லாது. மருத்துவர் நெருங்கித்தான் ஆகவேண்டும். ஊசி பட்ட விலங்கு நீரிலோ பள்ளத்திலோ விழுந்து மடியாதபடி பின்தொடர்ந்தும் ஆகவேண்டும். பழைய வேட்டைக்காரனுடைய இரு கடமைகளும் இன்று கால்நடை மருத்துவர் கைக்கு வந்து சேர்ந்திருக்கின்றன.

ஓசூர் வட்டாரத்தில் கேழ்வரகு முற்றும் பருவத்தில் யானைகள் காட்டை விட்டு வயல்களுக்கு இறங்குகின்றன. ஓராண்டு உழைப்பு ஓரிரவில் மிதிபடும் துயரை அங்கு நிலமுடைய நம்மவர்க்கு நாம் சொல்லவேண்டுவதில்லை. பட்டாசு கொளுத்துவோர், தகரம் தட்டுவோர் ஒருபுறமிருக்க, உரிமமற்ற நாட்டுத்துப்பாக்கியை இருளில் வரப்போரத்திலிருந்து நீட்டுவோரும் உண்டு. அந்த ரவை யானையைக் கொல்லும் வலிமையுடையதன்று. தோலுக்கடியில் தங்கிச் சீழ்கொள்ளும். சுட்டவன் யானை ஓடியதைக் கண்டு நிறைவோடு குடிசைக்குத் திரும்புகிறான். மறு பருவத்தில் அவ்யானை வேறோர் ஊர் வயலில் வந்து நிற்கும்போது, அங்கே காவலிருப்பவன் அவன் அல்லன்.