'வேக்' என்றால் என்ன? ஒரு சட்டத்தையே சாய்த்த சொல்!

ஆபீசில் மனு கொடுக்கிறீர்கள். நாலு நாள் கழித்துத் திரும்பி வருகிறது. ஓரத்தில் சிவப்பு மையில் ஒரே ஒரு ஆங்கில வார்த்தை: "வேக்".

தாராவியில் இருந்து சர்ச்கேட் பக்கம் வேலைக்குப் போய் வந்த நாளில் எனக்கும் அப்படித் திரும்பி வந்தது. "ஊரில் அவசர வேலை, சில நாள் லீவு வேண்டும்" என்று எழுதி இருந்தேன். என்ன வேலை? எந்தத் தேதி முதல்? எத்தனை நாள்? ஒன்றும் இல்லை! தப்பு என்னுடையதுதான்.

பொத்தாம் பொதுவாகச் சொல்வது, பிடி கொடுக்காமல் பேசுவது எல்லாம் 'வேக்'. 'அலைந்து திரிகிற' என்ற பொருள் உள்ள லத்தீன் சொல்லில் இருந்து வந்தது. 'வேகபாண்ட்' (நாடோடி) என்பதும் அதற்கு உறவுதான். ஓர் இடத்தில் நிற்காத பேச்சு!

இதை 'ஆம்பிகுவஸ்' என்பதோடு குழப்பக் கூடாது. "மாலை வாங்கி வா" என்றால் பூமாலையா, மணிமாலையா என்ற சந்தேகம் வரும். அது ஆம்பிகுவஸ். "ஏதாவது வாங்கி வா" என்றால் அது வேக்.

வார்த்தைதானே என்று விட்டுவிட முடியாது. 2012 நவம்பரில் பால் தாக்கரே மறைந்தபோது மும்பையில் கடைகள் அடைக்கப்பட்டன. அதுபற்றி 'பேஸ்புக்'கில் எழுதிய பால்கரைச் சேர்ந்த இளம்பெண்ணும், அதற்கு 'லைக்' போட்ட தோழியும் கைது செய்யப்பட்டார்கள். அவர்கள் மீது பாய்ந்தவற்றில் ஒன்று, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-ஏ பிரிவு. 'எரிச்சல்', 'அசவுகரியம்' உண்டாக்கினால் 3 ஆண்டு வரை ஜெயில் என்றது அது. எது எரிச்சல்? யாருக்கு எரிச்சல்? சட்டத்தில் விளக்கம் இல்லை. ஒருவருக்கு எரிச்சலாக இருப்பது இன்னொருவருக்குச் சிரிப்பாக இருக்கலாமே!

ஸ்ரேயா சிங்கால் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். 2015 மார்ச் 24-ந் தேதி நீதிபதிகள் செலமேஸ்வர், நரிமன் ஆகியோர் தீர்ப்பு அளித்தார்கள். எது குற்றம் என்று குடிமகனுக்கும் தெரியாது, போலீசாருக்கும் தெரியாது. அந்த அளவுக்கு 'வேக்' என்று கூறி, அந்தப் பிரிவையே செல்லாது என்று அறிவித்தார்கள். பேச்சுரிமைக்கும் அது விரோதம் என்றார்கள்.

செத்த பிரிவில் போலீசார் பிறகும் வழக்குப் போட்டு வந்தது 2021-ல் தெரிய வந்தபோது, சுப்ரீம் கோர்ட்டே அதிர்ச்சி தெரிவித்தது.

என் மனுவா? "தங்கை கல்யாணம், 12-ந் தேதி முதல் 19-ந் தேதி வரை" என்று மாற்றி எழுதினேன். அன்று மாலையே கையெழுத்து ஆகிவிட்டது.